வீட்டுக்குள் எரிக்கும் கரி

இந்த நாட்டில் கடைக்குப் போய்க் கரி கேட்டால், எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மறுமொழி கிடைக்கும். கோடையில் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒரு பெரிய பையைத் தூக்கித் தருவார்கள். நான் கேட்டது தை மாதத்தில். புவாண்ட்-கிளேரில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள இரும்புச் சாமான் கடை அது. சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியை வாசல் கம்பளத்தில் தட்டிவிட்டு உள்ளே போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "ஷார்போன் இருக்கிறதா?" என்று கேட்டேன். அங்கே நின்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "இந்தப் பனிக்குள்ளே பார்பெக்யூவா? துணிச்சல்காரிதான் நீங்கள்" என்று சிரித்தாள். "இல்லை, வீட்டுக்குள் எரிக்க" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "உள்ளேயா? நோ, நோ, மதாம்!" என்று சுற்றிக்கொண்டு வந்து என் மேலங்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் என்னோடு யார் இருக்கிறார்கள், எல்லாம் நல்லபடியாகத்தானே போகிறது என்று தணிந்த குரலில் விசாரித்தாள். நான் உயிரை விடப்போவதாக அவள் நினைத்துவிட்டாள் என்பது எனக்குப் பிடிபடச் சற்று நேரமெடுத்தது. காற்றில் ஒரு அடுப்பையும் புகைபோக்கியையும் கையால் வரைந்து காட்டிய பிறகுதான் பிடியை விட்டாள். "ஆ, அந்த்ரசிட்!" என்றாள். அடுப்பில் எரிக்கும் கடினமான நிலக்கரியின் பெயர் அது. அவர்களிடம் இல்லையாம்.

மரத்தைச் சுட்டு எடுக்கும் கரிக்கும் நிலத்தில் வெட்டி எடுக்கும் கரிக்கும் பிரெஞ்சுக்காரரின் வாயில் ஒரே பெயர்தான் வருகிறது. நாங்களும் அப்படித்தான். நிலக்கரி என்ற சொல்லைப் புவியியல் பாடத்தோடு மறந்துவிட்டு, எல்லாவற்றையும் கரி என்றே சொல்கிறோம். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. இங்கே, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, கதவின் விளிம்பெல்லாம் றப்பர் ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நானும் என் கணவர் யோகனும் இந்த வீட்டை வாங்கியபோதே கூடத்து மூலையில் அந்த இரும்பு அடுப்பு இருந்தது. விறகும் எரிக்கலாம், நிலக்கரியும் எரிக்கலாம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, கீழே சாம்பல் தட்டு, அதற்கும் கீழே காற்று புகும் சின்னத் துவாரம். யோகன் லொறி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பது குறைவு. இடத்தை அடைக்கிறது, கழற்றி எறிவோம் என்றார். நான் விடவில்லை. யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் படித்து, மின்சாரமே இல்லாமல் கலியாணம் கட்டியவள் நான். ஆனாலும் அங்கே கரண்ட் போனால் வெளிச்சம்தான் போகும். இங்கே வீட்டைச் சூடாக்குவதும் அதே கரண்ட்தான். அது போனால் குழாய்த் தண்ணீர் உறையும், சுவர் உறையும், பிறகு மனிதர்கள். மின்சாரம் நீண்ட நேரம் நின்றுபோகும் நாட்களுக்கு மட்டும் எரிப்போம் என்று நகரசபையில் சொல்லி, ஆளைக் கூப்பிட்டுப் புகைபோக்கியைத் துப்புரவாக்கி, அடுப்பை வைத்துக்கொண்டேன்.

அதற்கு எந்தக் கரி சரி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் போனது. முதலில் யோகனோடு வேலை செய்யும் ஒருவர், இரும்பு காய்ச்சும் பட்டறையில் எஞ்சியது என்று ஒரு சாக்கு கொண்டுவந்து தந்தார். தொட்டால் உதிர்ந்தது. கையெல்லாம் கறுப்பு. கரண்ட் போன ஒரு நாளில் பற்றவைத்தேன். மஞ்சள் புகை கிளம்பி, அடுப்புக் கண்ணாடி தார் பூசியதுபோலாகி, கந்தகம் மணத்தது. சற்றைக்கெல்லாம் பக்கத்து வீட்டு மதாம் ஜினெட் கதவைத் தட்டினார். தனியே வாழும் வயதான பெண். "ஸ பூ! ஸ பூ!" என்றார். தொப்பிக்கு இவர்கள் சொல்லும் 'ஷாப்போ'தான் என் காதில் விழுந்தது. தலையில் இருந்த கம்பளித் தொப்பியைத் தொட்டு, "மெர்சி, மெர்சி" என்று சிரித்தேன். அவர் என்னை வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நாறுகிறது என்று அவர் முறையிட்டதை, பிறகு என் மகள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் விளங்கப்படுத்தினாள்.

அடுத்தது அந்த்ரசிட்தான், ஆனால் பொடி. அடுப்பின் கம்பித்தட்டை அடைத்துக்கொண்டு, கீழிருந்து காற்று வராமல் செத்துப்போனது. கடைசியில் ஆற்றுக்கு அப்பால், பண்ணைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையில் சரியானது அகப்பட்டது. வால்நட் அளவு துண்டுகள். கறுப்புக் கண்ணாடிபோல் மினுங்கும். ஒன்றோடொன்று தட்டினால் பீங்கான் சத்தம் கேட்கும். கையில் கறை ஒட்டாது. பற்றவைக்கப் பொறுமை வேண்டும். முதலில் உலர்ந்த விறகை எரித்து, நல்ல தணல் விழுந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கீழ்த் துவாரத்தைத் திறந்து வைக்க வேண்டும். ஒருமுறை பிடித்துவிட்டால் கட்டையான நீலச் சுவாலையோடு, கண்ணுக்குப் புகையே தெரியாமல், அரை நாள் நின்று எரியும். அடுப்புக்குக் கிட்ட, பற்றரியில் வேலை செய்யும் நச்சுவாயு அலாரம் ஒன்றையும் மாட்டினேன். கூட வேலை செய்யும் பெண்களிடம் என் கரியைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

சென்ற குளிர்காலத்தின் கடைசியில் உறைமழை வந்தது. மழையாக விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாகிவிடும் மழை. மரக்கிளைகள் துவக்குச் சத்தத்தோடு முறிந்தன. எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் நல்லதல்ல. முதல் முறிவிலேயே நான் சுவரோடு ஒதுங்கி நின்றதை யாரும் பார்க்கவில்லை. மின்சாரம் போனது. யோகன் லொறியோடு கிங்ஸ்ரன் பக்கம் நெடுஞ்சாலையில் மறிபட்டு நின்றார். "ரஞ்சன் ஆக்களைக் கூப்பிடு, கைக்குழந்தையோட அங்க என்ன செய்யப்போகினம்" என்றார் தொலைபேசியில்.

ரஞ்சன் யோகனின் கடைசித் தம்பி. டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றி இறக்கும் வேலை. கலியாணம் பிந்திச் செய்து, சுகந்தியை ஊரிலிருந்து கூப்பிட்டு, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தார்கள். குழந்தை பிறந்து சில கிழமைகள்தான். தொப்புள் காய்ந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. ரஞ்சன் எப்படியோ காரை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்துவிட்டான். அடுப்பைக் கண்டதும் சுகந்தி அதற்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாள் நல்லபடி போனது. இரண்டாம் நாள் காலை, மதாம் ஜினெட்டின் வீட்டில் ஒரு அசைவும் இல்லாததைக் கண்டு போய்ப் பார்த்தேன். கம்பளிகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் சாய்கதிரையில் இருத்தினேன். அதிலிருந்துதான் நெருக்கடி தொடங்கியது. சூடான அறை ஒன்றே ஒன்று. அதற்குள் சுகந்தி, குழந்தை, ரஞ்சன், நான், இப்போது ஒரு வெள்ளைக்காரப் பெண். குழந்தை பசியில் கத்தியபோது நான் கராஜில் விறகு எடுத்துக்கொண்டிருந்தேன். மதாம் ஜினெட் ஏதோ சொல்லியிருக்கிறார். குழந்தை பாவம், பசிக்கிறது என்றுதான் சொன்னாராம். அவருடைய கரகரத்த குரலில் அது அதட்டலாகச் சுகந்திக்குக் கேட்டிருக்கிறது. நான் திரும்பி வந்தபோது கண் கலங்கி நின்றாள்.

"அக்கா, அந்த மனிசிக்குப் பிள்ளையின்ர சத்தம் பிடிக்கேல்ல. அவ பாத்துக்கொண்டிருக்கேக்க எனக்குப் பால் குடுக்கவும் ஏலாமல் கிடக்கு."

"அவ பாக்கேல்ல பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறா" என்றேன். சால்வை ஒன்றைக் கதிரைகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டேன். ரஞ்சன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வரும்போது இரண்டு தோளிலும் இரண்டு பைகள்.

"மூலையில டெப்பனர் கடை ஒண்டு திறந்திருந்தது அண்ணி. கரி கிடைச்சிட்டுது. உங்கட வாளியில அடி தெரியுது, நான் பாத்தனான்."

"இது இறைச்சி சுடுற கரி ரஞ்சன். இதை வீட்டுக்குள்ள எரிக்கேலாது. பையிலயே போட்டிருக்கு, பாரும்."

"பையில எல்லாம் போடுவாங்கள். முட்டைப் பெட்டியிலயும்தான் போடுறாங்கள். கரி கரிதானே?"

"இல்லை. நாளை வரைக்கும் எங்கட கரி காணும். இதைக் கராஜில வையும், பேந்து கோடைக்கு உதவும்."

அவன் பைகளை மறுபடி தூக்கினான். "ஓம். உங்கட வீடு. நீங்கள் சொன்னாச் சரிதான்" என்றான். அந்த 'உங்கட வீடு' என்னைச் சுட்டது. மறுமொழி சொல்ல வாயெடுத்தேன். மதாம் ஜினெட் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

பின்னேரம் மதாம் ஜினெட்டுக்கு மாத்திரை தேவைப்பட்டது. அவருடைய வீட்டுக்குப் போய், ஐஸில் சறுக்கிச் சறுக்கித் தேடி எடுத்துக்கொண்டு வர நேரம் பிடித்தது. வந்தபோது சுகந்தியையும் குழந்தையையும் கூடத்தில் காணவில்லை. பின் அறையில் படுத்திருக்கிறார்கள், குழந்தை நல்ல நித்திரை என்று ரஞ்சன் சொன்னான். அங்கே குளிருமே என்றேன். "நல்லாப் போத்துத்தான் விட்டிருக்கிறன்" என்றான், என் முகத்தைப் பாராமல். பிறகு, தொலைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றக் காரை ஸ்ரார்ட் பண்ண வேண்டும் என்று சுரண்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் சுரண்டப் போய்விட்டான். நான் தேத்தண்ணி வைத்தேன். மதாம் ஜினெட்டுக்கு ஒரு கோப்பை கொடுத்துவிட்டு, எனக்கு ஊற்றும்போது அலாரம் அடித்தது.

அந்தக் கீச்சொலியைக் கேட்ட கணத்தில் நான் அடுப்பைத்தான் பார்த்தேன். என் அடுப்பு, என் கரி. இத்தனை பேரை வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்து நானே கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். முழங்காலில் விழுந்து பார்த்தேன். கதவு இறுக்கமாகத்தான் இருந்தது. சுவாலை நீலமாக, கட்டையாக, எப்போதும்போல் எரிந்தது. புகைபோக்கியின் இழுவைத் தகடு திறந்திருந்தது. எங்கும் ஒரு பிழையும் தெரியவில்லை. அலாரம் மட்டும் நிற்காமல் கத்தியது. மதாம் ஜினெட் எழுந்து முன்கதவை அகலத் திறந்தார். குளிர் உள்ளே அடித்தது. "லா பெத்தீத்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். சின்னவள் எங்கே?

பின் அறைக் கதவைத் தட்டினேன். "சுகந்தி, கதவைத் திறவும் பிள்ளை!"

"தலை இடிக்குது அக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நித்திரையில் பேசுவதுபோல் இழுபட்டது. "கொஞ்சம் படுத்துட்டு வாறன்."

தள்ளித் திறந்தேன். கதவின் கீழ்ச் சந்தில் அடைத்திருந்த துவாய் ஒருபக்கம் நகர்ந்திருந்தது. சன்னலுக்குக் கம்பளி தொங்கியது. கட்டிலுக்குக் கீழே என்னுடைய பெரிய தாச்சிச் சட்டி, அது நிறையத் தணல். மேலே வெண்சாம்பல் பூத்து, ஒரு புகையும் இல்லாமல், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சுகந்தி எழும்பக் கால் ஊன்றினாள், முழங்கால் மடிந்து கட்டிலோரம் சரிந்தாள். குழந்தையின் முகம் சிவந்திருந்தது. தூக்கினேன். சூடாக இருந்தது, கழுத்து நிற்கவில்லை, கண் திறக்கவில்லை. ஓடிவந்து மதாம் ஜினெட்டின் கையில் கொடுத்தேன். அவர் தன் மேலங்கியின் பொத்தான்களைப் பிய்த்துத் திறந்து, குழந்தையை உள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மழைக்குள் இறங்கி நின்றார். நான் திரும்பிப் போய்ச் சுகந்தியைக் கக்கத்தில் பிடித்து இழுத்தேன். "ரஞ்சன்!" என்று நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அவசர சேவைக்கு நான்தான் எடுத்தேன். கரி வாயுவில் மயங்கிவிட்டார்கள் என்றதும், கரியா என்று கேட்டார் மறுமுனையில் இருந்தவர். ஆம் என்றேன். எந்தக் கரி, மதாம்? அடுப்பிலா, வெளியிலா? "ஷார்போன் த புவா. மரக்கரி. மூடிய அறைக்குள். ஒரு கைக்குழந்தை" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு துப்புரவான பிரெஞ்சு நான் பேசியதில்லை. எல்லோரும் வெளியே நில்லுங்கள், உள்ளே யாரும் போக வேண்டாம் என்றார். நின்றோம். ரஞ்சன் மனைவியைத் தன் மடியில் கிடத்தி, வாசல் படியில் உட்கார்ந்து கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தான். "கண்ணைத் திற, கண்ணைத் திற" என்பதைத் தவிர வேறு சொல் அவனிடம் இல்லை. ஐஸ் பிடித்த தெருவில் அம்புலன்ஸ் வந்து சேரும் வரையில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். மதாம் ஜினெட்டின் மேலங்கிக்குள்ளேயிருந்து ஒரு சின்ன முனகல், பிறகு ஒரு தும்மல், பிறகு அழுகை. அந்தக் கிழவி வானத்தைப் பார்த்துத் தன் மொழியில் கெட்ட வார்த்தையோ செபமோ, எதையோ உரக்கச் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற அறையில் தணல் வைப்பது எனக்குத் தெரியாத காரியமில்லை. என் மூத்த மகள் பிறந்தபோது எனக்கும் வைத்தார்கள். ஓட்டு வீடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. கதவு ஒருநாளும் பொருந்திச் சாத்தாது. காற்று தன்பாட்டுக்கு வரும், போகும். அந்த ஓட்டை வீடுகள்தான் எங்களைக் காப்பாற்றி வைத்திருந்தன என்று எவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அங்கே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். சுகந்திக்கு வாந்தி நிற்க நேரமெடுத்தது. குழந்தையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் கவனித்தார்கள். தப்பிவிட்டாள், ஆனாலும் இன்னும் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு ஒரு சமூகசேவகி வந்தார். இளம் பெண், மரியாதையான குரல். புயலில் மொழிபெயர்ப்பாளரால் வரமுடியவில்லை, நீங்கள் உதவுவீர்களா என்று என்னைக் கேட்டார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எங்கள் சனத்துக்கு வெளியே சொல்லாமலே உண்டு. ரஞ்சனைப் பார்த்து, ஏன் அறைக்குள் கரி வைத்தீர்கள் என்று கேட்டார்.

"நான் தணல் வைச்சனான் எண்டு சொல்லுங்கோ அண்ணி. எங்கட அம்மா எங்களுக்கு வைச்ச மாதிரி."

இதை எப்படிச் சொல்வது? வழக்கம் என்றால், இனியும் செய்வார்கள் என்று நினைப்பார். தெரியாது என்றால், ரஞ்சனுக்குப் பிரெஞ்சு விளங்கும், அவன் முகத்துக்கு முன்னாலேயே அவனை மடையனாக்கவேண்டும். நான் எச்சரித்ததைச் சொன்னால் கதை முடிந்தது. கடைசியில், "மனைவி மற்றவர்கள் முன்னிலையில் பால் கொடுக்கச் சங்கடப்பட்டாள். அவளுக்குக் கதவுள்ள ஒரு அறை கொடுக்க நினைத்தான்" என்றேன். அது பொய்யில்லை. அந்தப் பெண் தலையாட்டினார். ஆபத்தானது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார்.

ரஞ்சன் தானாகவே பிரெஞ்சில் பேசினான். விமானப் பொதிகளுக்கு நடுவில் கற்ற, கரடுமுரடான பிரெஞ்சு. "இவ சொன்னா. வேண்டாமென்று சொன்னா. நான் கேட்கவில்லை. புகை இல்லை, அதனால் பயமில்லை என்று நினைத்தேன். பிழை என்னுடையது, என் மனைவியுடையதல்ல." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்றார். பின்னர் வந்து பார்த்தார்கள். பிள்ளை அவர்களிடமே இருக்கிறாள்.

யோகன் வந்து சேர்ந்ததும் அடுப்பைக் கழற்றத்தான் நின்றார். "அது ஒண்டும் செய்யேல்லையப்பா" என்று நான் சொன்னதையும் கேட்கவில்லை. ஆச்சரியமாக, ரஞ்சன்தான் மறித்தான். என்னோடு பல கிழமைகள் முகம்கொடுத்துப் பேசாதவன், ஒரு சனிக்கிழமை இரண்டு புதிய அலாரங்களோடு வந்து, ஒன்றை எங்கள் பின் அறையில் மாட்டினான். மற்றது தங்கள் வீட்டுக்கு என்றான். பிறகு, ஆற்றுக்கு அப்பால் கரி வாங்கப் போகிறீர்களா, நானும் வாறன் என்றான். கடையில் ஒரு துண்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"இந்தக் கரியில அந்த வாயு வராதோ அண்ணி?"

"வரும். புகைபோக்கியால வெளிய போகும். போகாட்டி இதுவும் கொல்லும்."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியாது ரஞ்சன். மணக்காது. அதுக்குத்தான் அலாரம்."

அவன் துண்டைக் குவியலில் மெல்ல, பாரம் கூடிய பொருளை வைப்பதுபோல் வைத்தான். வீட்டு வாசலில் பைகளை இறக்கிவிட்டு, "குறை நினைக்காதேங்கோ" என்றான். நான் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோவிலில், ஒரு திருநாள் பூசையோடு நடந்தது. கார்த்திகை கடைசி, அந்த வருடத்து முதற்பனி தூவிக்கொண்டிருந்தது. மதாம் ஜினெட் முன்வரிசையில், எங்களோடு முழங்காலிட்டும் எழுந்தும் ஒரு சொல் விளங்காமலும் இருந்தார். சுவாமியார் தூபக் கலசத்தை எடுத்தபோது, உள்ளே சிவந்திருந்த கரித்துண்டின்மேல் சாம்பிராணி விழுந்து புகை எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். சுகந்தியும் பிள்ளையும் இடத்தில் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கோவிலின் பெரிய கதவை ஒரு தோளால் திறந்து பிடித்தபடி நிலையில் நின்றாள் சுகந்தி.

நான் அவளிடம் போனேன். "என்ன பிள்ளை, பீடத்துக்குக் கூப்பிடப்போகினம்."

"எனக்கு இந்த வாசம் விருப்பம் அக்கா. ஊரில பூசைக்குப் போன மாதிரி இருக்கு" என்றாள். "கிட்டப் போகத்தான் கால் வருதில்லை."

நானும் மற்றக் கதவைத் தள்ளித் திறந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே எங்கள் சனம் எங்கள் பாட்டைப் பாடியது. சாம்பிராணி வாசம் முகத்தில் வந்து படிந்தது. முதுகில் பனி விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை விழித்திருந்தாள். உள்ளே தெரிந்த மெழுகுதிரி வெளிச்சத்தையும் வெளியே தூவிய வெள்ளையையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.